ஒயில் தட்டில் இருந்த தொதல்

சிவநேசம் யாரையும் மன்னித்து நான் கண்டதில்லை. இருபத்து நாலு வருடப் பழக்கம். அவளிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அதுவும் ஒன்று.

காரைநகரில் பிறந்தவள். எண்பத்தொன்பதில் மொன்றியலுக்கு வந்து, சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பொத்தான் துளை அடித்தாள். தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு நாற்பது வயது. கணவன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி வகுப்பில் வந்து சேர்ந்தாள். அந்த வகுப்பில் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர்தான்: யாழ்ப்பாணத்துச் சைவம் அவள், மன்னார்க் கத்தோலிக்கம் நான். பரீட்சை பிரெஞ்சில். மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படித்தோம்.

நோயாளியிடம் பார்த்ததை உடனே எழுதாவிட்டால் பார்க்கவில்லை என்றே அர்த்தம் என்று எங்கள் ஆசிரியை சொல்லித் தந்தார். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியே போனது, முதுகில் தோல் சிவந்திருக்கிறதா, எல்லாம். நாங்கள் மற்றவர்கள் அதை வேலையிடத்தோடு விட்டோம். சிவநேசம் வீட்டுக்கும் கொண்டு போனாள்.

ஒரு பனிக்காலம், அவள் குடியிருந்த கட்டடத்தில் வீட்டுக்காரன் சூட்டைக் குறைத்து வைத்தான். மற்றக் குடித்தனக்காரர்கள் கத்திச் சண்டை போட்டார்கள். சிவநேசம் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, நூற்றுப் பதினெட்டு நாள், நாளுக்கு மூன்று தடவை கொப்பியில் எழுதினாள். வசந்தம் வந்ததும் கொப்பியோடு வாடகை மன்றத்துக்குப் போனாள். அதன்பிறகு வீட்டுக்காரன் அவளைப் படிக்கட்டில் கண்டால் ஒதுங்கி வழி விடுவான். அவள் ஒரு நிமிடம் நின்று, அவன் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் யோகேந்திரன் அந்தக் காரை விற்றான்.

அப்போது அவள் ஒரு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். காலையில் முதல் வீடு பத்திநாதருடையது. எண்பத்தாறு வயது, பேசாலைக்காரர், எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். புவாண்ட்-கிளேரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். மகள் ஜெயனி இருப்பது ஆற்றுக்கு அப்பால், லொங்குய்யில். சிவநேசத்தை அந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டது நான்தான். அவளுக்கும் பத்திநாதருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. காலை ஏழு மணிக்கு அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும் வரை அவர் கட்டிலை விட்டுக் கால் இறக்கக் கூடாது. நாலு வருடத்தில் ஒரு நாளும் அவள் பிந்தவில்லை, அவரும் கால் இறக்கவில்லை.

2023 செப்டெம்பரில் அவளுடைய பழைய கார், பனிக்கு வீதியில் கொட்டும் உப்பில் துருப்பிடித்து, அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் யோகேந்திரனின் கராஜ் இருக்கிறது. மொன்றியல் தமிழரில் பாதிப்பேர் அவனிடம்தான் ரயர் மாற்றுவார்கள். காரைநகர்க்காரன், சிவநேசத்தின் கணவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். பக்திமான். எந்த வேலையையும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்க மாட்டான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை மைப் பேனை இருக்கும். கழற்றிய சாமானைத் திரும்பப் பூட்டுமுன் அதன் ஓரத்தில் ஒரு சின்ன ‘உ’ எழுதுவான். என்னுடைய நாலு ரயரிலும் அது இருக்கிறது. கத்தோலிக்கரின் கார் என்று விலக்கு வைக்கமாட்டான்.

“இது என்ரை மச்சான் ஓடின கார் தங்கச்சி,” என்றான். “ரெண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீற்றர்தான். இந்த எஞ்சினுக்கு அது குமர்ப் பருவம். ஒரு நாளும் திறக்கேல்லை. கொம்பனி பூட்டின பூட்டு அப்பிடியே கிடக்கு.”

எஞ்சின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. வாங்கிவிட்டாள்.

வேறு கராஜ் ஒன்றில் ஒருமுறை காட்டு என்று நான் சொன்னேன்.

“நேற்றே கோயிலிலை பூசை போட்டாச்சு றோசாக்கா. சில்லுக்குக் கீழை தேசிக்காயும் நசிச்சாச்சு. இனிப் போய் இன்னொருத்தனுக்குக் காட்டினா சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி.”

“நான் சாமியைச் சொல்லேல்லை. யோகேந்திரனைச் சொன்னனான்.”

சிரித்தாள். நான் அறிய அவள் சரிபார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

ஒக்டோபரில் குளிருக்கு முன் ஒயில் மாற்றப் போனாள். வேலை முடிந்து வரும் வழியில், டெக்காரி வீதியில், ஒயில் மட்டும் மாற்றும் ஒரு கடை. பழைய எஞ்சின், அதிகம் ஓடியது, காலை ஐந்தரைக்கு ஸ்ரார்ட் பண்ணவேண்டும் என்று விபரம் சொல்லியிருக்கிறாள். அதிகம் ஓடிய எஞ்சின்களுக்கென்றே செய்த சிந்தெற்றிக் ஒயில் இருக்கிறது, அதை விடலாம் என்றார்கள். கடையில் தந்த விளக்கத் தாளை என் சமையலறை மேசையில் வைத்து, அகராதியும் கையுமாக முழுதும் வாசித்தாள். சாதாரண ஒயில் கடும் குளிரில் சர்க்கரைப் பாணி மாதிரி இறுகும், ஸ்ரார்ட் பண்ணிய முதல் நிமிடம் எஞ்சின் ஒயில் இல்லாமல் தேயும். சிந்தெற்றிக் அந்தக் குளிரிலும் உடனே ஓடும்.

“ரப்பர் வளையங்கள் காயாமல் இருக்க மருந்தும் சேர்த்திருக்கினமாம், றோசாக்கா.”

“எங்கடை முழங்காலுக்கும் அப்பிடி ஒண்டு செய்தா நல்லது,” என்றேன்.

பத்து நாளில் கார் நிற்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒயில் விழத் தொடங்கியது. சிவநேசம் அதற்கு என்ன செய்தாள் என்பதை வாசிப்பவர்கள் நம்பவேண்டும். சிறுநீர் அடக்க முடியாதவர்களின் கட்டிலில் விரிக்கும் நீல விரிப்பை, ஒவ்வொரு மாலையும் எஞ்சினுக்குக் கீழே விரித்தாள். காலையில் எடுத்து, மா நிறுக்கும் தராசில் நிறுத்தாள். விரித்தபோது இத்தனை கிராம், எடுத்தபோது இத்தனை கிராம். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மட்டத்தையும் குறித்தாள். குறைந்த அளவை ஊற்றினாள். கட்டிலில் கிடப்பவருக்கு நீர் கணக்கெடுப்பது எப்படியோ, அதே படிவம். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் காரின் இலக்கத்தை எழுதியிருந்தாள்.

யோகேந்திரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் சிரித்தான்.

“பழசெண்டா கொஞ்சம் ஒழுகும்தானே தங்கச்சி. உங்கடை வேலையிலை காணாததே? ஒயில் குறையாமல் பாத்துக்கொள்ளுங்கோ, காணும்.”

பார்த்துக்கொண்டாள். அந்தப் படிவங்களை நானே வாசித்தேன். மட்டம் ஒரு நாளும் மேல்கோட்டுக்கு ஒரு நெல்லளவுக்குக் கீழே போகவில்லை.

நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை. நாற்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தபோது 6:36க்குச் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தது. ஓரத்துக்கு எடுக்குமுன் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டு, நின்றுவிட்டது. இறங்கி, கம்பியை இழுத்துப் பார்த்தாள். ஒயில் நிரம்ப இருந்தது. அதையும் எழுதினாள். நிறுவனத்துக்குத் தொலைபேசி அடித்து, பத்திநாதருக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். அனுப்புகிறோம் என்றார்கள். பத்திநாதருக்கும் எடுத்தாள். அவருடைய தொலைபேசி சமையலறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலில் இருந்தவர் எப்படி எடுப்பார்? ஜெயனி வேலையில் தொலைபேசியை நிறுத்தி வைப்பவள்.

பத்திநாதர் ஏழரை வரை காத்திருந்தார். பிறகு கால் இறக்கினார். குளியலறை வாசலில் விழுந்தார். மாற்று ஆள் பத்தரைக்குத்தான் வந்தாள். மூன்று மணித்தியாலம் வெறும் நிலத்தில் கிடந்தார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அந்த வீட்டுக்கு அவர் பிறகு திரும்பவே இல்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமை, ரயர் மாற்றும் நாள். டிசெம்பர் முதலாம் திகதிக்குள் பனி ரயர் போடவேண்டும் என்பது இந்த மாகாணச் சட்டம். எங்கள் ஆட்கள் எல்லோரும் கடைசிச் சனிக்கிழமைக்குத்தான் வருவார்கள். யோகேந்திரனின் முற்றத்தில் இருபது கார். மேசையில் தேத்தண்ணியும் வடையும். ஜெயனியும் தன் காரோடு நின்றாள். நான் சிவநேசத்தை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

“யோகண்ணை, எஞ்சின் ஏன் நிண்டது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்,” என்றாள் சிவநேசம்.

“என்ன ஒயில் விட்டனீங்கள்?”

“சிந்தெற்றிக்.”

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“கேட்டியளே! மூண்டு லட்சத்தைத் தொடப்போற எஞ்சினுக்குச் சிந்தெற்றிக்! தொண்ணூறு வயசுக் கிழவிக்கு ஓட்டச் சப்பாத்து வாங்கிப் போட்டு, ஓடணை ஆச்சி எண்டு விட்ட மாதிரி!”

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் மதுஷன் என்பவன், “கிழவி முதல் பரிசு எடுத்தவவோ அண்ணை?” என்று கேட்டான். இன்னும் சிரித்தார்கள்.

“பழைய எஞ்சின் பழைய ஒயிலோடை பழகிப்போகும்,” என்றான் யோகேந்திரன். “இவ ஏதோ பேப்பரிலை வாசிச்சிட்டு விட்டிருக்கிறா. நான் குடுக்கேக்கை எஞ்சின் தங்கம். சாகடிச்சது இவதான்.”

சிவநேசம் கைப்பையிலிருந்து படிவங்களை எடுத்தாள். “நான் ஒவ்வொரு நாளும் எழுதி வைச்சிருக்கிறன்.”

“எழுதிறதாலை எஞ்சின் ஓடாது, தங்கச்சி.”

ஜெயனி தேத்தண்ணிக் கோப்பையோடு முன்னுக்கு வந்தாள். “அப்ப அப்பா விழுந்தது இவ செய்த வேலையாலையோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை,” என்று குரலைத் தாழ்த்தினான். “ஆனா காரை ஒழுங்காப் பாத்திருந்தா, நேரத்துக்குப் போயிருப்பா.”

அந்த வசனத்தை நான் மறக்கவில்லை.

பிறகு அவன் ஓர் உதவி செய்ய வந்தான். நின்றுபோன காரைத் தானே இழுத்து வந்து, தானே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். சிவநேசம் வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது காருக்குள், “அவருக்கு ஏன் செத்த காரிலை இவ்வளவு அக்கறை?” என்று கேட்டாள். நான் லவாலில் என் வீட்டு ஓரத்தில் இருக்கும் இடத்தைக் கொடுத்தேன். கார் அங்கே வந்து நின்றது. டிசெம்பரில் பனி அதை மூடியது.

ஜெயனி திங்கட்கிழமையே நிறுவனத்துக்கு எழுதியிருந்தாள். கடிதத்தில் இருந்த சொல் négligente. கவனமில்லாதவள். எங்கள் தொழிலில் ஒருத்தியைத் திருடி என்று சொல்வதுகூட அதற்கு அடுத்தபடிதான். அந்தச் சொல் கோப்பில் ஏறினால் வீட்டு வேலை கிடையாது. சிவநேசத்தை ஒரு முதியோர் இல்லத்தின் நிலவறையில் துணி பிரிக்க விட்டார்கள். நோயாளி ஒருவரையும் தொட விடவில்லை.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது ஜெயனியைப் பிடித்துக் கேட்டேன்.

“அன்ரி, நீங்கள்தான் அவவைக் கொண்டுவந்து விட்டனீங்கள். நான் உங்களை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஆனா அப்பா மூண்டு மணித்தியாலம் நிலத்திலை கிடந்தவர்.”



அந்தப் பனிக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவநேசம் மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து லவாலுக்கு வந்தாள். காரின் மேல் இருந்த பனியைத் தள்ளினாள். தேத்தண்ணி குடித்தாள். ஜன்னலால் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு என்னதான் வேணும்? சொல்லு,” என்றேன் ஒருநாள்.

“ஜெயனி அந்தச் சொல்லை எடுக்கவேணும். அந்த ஆள் அதே முற்றத்திலை, அதே ஆக்களுக்கு முன்னாலை, தன்ரை வாயாலை உண்மையைச் சொல்லவேணும். பேந்து…”

“பேந்து?”

“பேந்தும் இருக்கு.”

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று நினைப்பவர்கள், இடுப்பு உடைந்து குளியலறை வாசலில் மூன்று மணித்தியாலம் கிடந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஏப்ரல் முதல் வாரம் பனி கரைந்தது. என் பக்கத்து வீட்டுத் தாட்சாயினி நகர பஸ் பணிமனையில் மெக்கானிக். பத்து வருட அனுபவம், கை சுத்தம், பேச்சுக் குறைவு. ஒரு ஞாயிறு காலை காரை உயர்த்திவிட்டு அடியில் படுத்தாள். எஞ்சினின் அடியில், ஒயில் தங்கி நிற்கும் இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றப் போனவள் நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

“இதை முந்தி ஆர் திறந்தது?”

“ஒருத்தரும் இல்லை. கொம்பனி பூட்டினதாம்,” என்றாள் சிவநேசம்.

“கொம்பனி இப்பிடிச் செம்மஞ்சள் பசை பூசாது அக்கா. ஓரமெல்லாம் பிதுங்கிக் கிடக்கு. ஆரோ கிட்டடியிலை கழற்றிப் பூட்டியிருக்கினம். பொறுங்கோ, கழற்ற முதல் படம் எடுப்பம்.”

தட்டு இறங்கியது. உள்ளே இருந்தது ஒயில் அல்ல. சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கிண்டி இறுக்கிய பலகாரம் மாதிரி, விரல் தடிப்பில் கரும் தொதல். கத்தியால் வெட்டினால் துண்டு துண்டாக வரும், அப்படி இறுகியிருந்தது. ஒயிலை மேலே உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதன் கண்கள் எல்லாம் அதே தொதலால் அடைபட்டிருந்தன.

தாட்சாயினி சுருக்கமாக விளங்கப்படுத்தினாள். மச்சான் வருடக்கணக்காக ஒயில் மாற்றவில்லை. அழுக்கு இறுகிப் படிந்துவிட்டது. விற்குமுன் யாரோ தட்டைத் திறந்து பார்த்து, அப்படியே மூடி, மிகத் தடித்த ஒயிலை விட்டிருக்கிறார்கள். தடித்த ஒயில் தேய்ந்த எஞ்சினின் சத்தத்தை அமுக்கும், கசிவையும் மறைக்கும். பிறகு சிவநேசம் விட்ட நல்ல ஒயில், தன் வேலையைச் செய்தது. அழுக்கைக் கிளப்பிக் கழுவியது. கசிவு வெளியே தெரிந்தது. கிளம்பிய அழுக்குப் போய்ச் சல்லடையை அடைத்தது. தட்டில் ஒயில் நிரம்ப இருந்தும் மேலே ஏறவில்லை.

“ஒழுங்கா வைச்சிருந்த பழைய எஞ்சினுக்கு இதே ஒயிலை விட்டா இன்னும் ஒரு லட்சம் ஓடும்,” என்றாள். “இவ்வளவு ஊத்தை இருக்கெண்டு தெரிஞ்சா, முதல் தட்டைக் கழற்றிக் கழுவியிருக்கவேணும்.”

“தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தவன்,” என்றாள் சிவநேசம்.

எனக்கு இது புதிதல்ல. வேறு இடத்திலிருந்து நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு நோயாளிகள் வருவார்கள். முதுகில் வெள்ளை வெளேரென்று ஒரு புதுக் கட்டு இருக்கும். அவிழ்த்தால் எலும்பு தெரியும் படுக்கைப் புண். அனுப்பியவர்கள் கட்டை அவிழ்த்தவள்மேல் பழியைப் போடுவார்கள். நான் மூன்று முறை அந்தப் பழியைச் சுமந்திருக்கிறேன்.

தாட்சாயினி தட்டின் வெளி ஓரத்தைத் துணியால் துடைத்தாள். அழுக்குக்குக் கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இன்னும் துடைத்தாள். சின்னதாக, வால் இடப்பக்கம் சரிந்த ஓர் ‘உ’.

சிவநேசம் துணியை வாங்கி, அந்த இடத்தில் திரும்பவும் கொஞ்சம் கறுப்பைப் பூசி மூடினாள்.

“இதை நான் அங்கை துடைக்கிறன்,” என்றாள்.

ஏப்ரல் இருபது, சனிக்கிழமை. பனி ரயரைக் கழற்றி மற்ற ரயர் போடும் கூட்டம். அதே முற்றம், அதே மேசை. ஜெயனியை வரச் சொல்லி நான் ஏற்பாடு செய்திருந்தேன். சிவநேசம் கல்யாணச் சோறு கொண்டுபோகும் பெரிய அலுமினியத் தட்டத்தில் அந்த இரும்புத் தட்டை வைத்து, புது நீல விரிப்பால் மூடிக்கொண்டு வந்தாள். வடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்னக்கா, பலகாரமோ?” என்றான் மதுஷன்.

“ஓம் தம்பி. யோகண்ணை கிண்டின தொதல். ஒரு துண்டு எடும்.”

விரிப்பை எடுத்தாள். மதுஷன் கையை இழுத்துக்கொண்டான். யோகேந்திரன் ஒரு ரயரை உருட்டிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான்.

“எந்தக் குப்பையிலை பொறுக்கினது இது?”

“நீங்கள் எனக்கு வித்த குப்பையிலை.”

“அதுக்கு நான் என்ன செய்ய? நான் திறக்காத எஞ்சின் எண்டு அண்டைக்கே சொன்னனான்.”

“திறக்கேல்லை?”

“இல்லை.”

“இந்தத் தட்டை நீங்கள் தொடேல்லை?”

“தொடேல்லை எண்டிறன்! பிள்ளையார் சாட்சி!”

சிவநேசம் விரிப்பின் நுனியால் தட்டின் ஓரத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு தரம். இரண்டு தரம். பிறகு தட்டத்தை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“சாட்சி வந்திருக்கிறார், யோகண்ணை.”

மதுஷன் குனிந்து பார்த்தான். அப்போதுதான் தன் காரில் இருந்து கழற்றிச் சாய்த்து வைத்த ரயரையும் பார்த்தான். “அண்ணை, வாலும் அச்சொட்டா இதே சரிவுதான்,” என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தங்கள் ரயரில் இருப்பதைப் போய்ப் பார்க்காதவர்களும் அந்த முற்றத்தில் இல்லை.

“திறந்தனீங்களோ?” என்று கேட்டாள் சிவநேசம்.

“ஓம்.”

“கேக்கேல்லை.”

“ஓம், திறந்தனான்.”

“என்ன கண்டனீங்கள்?”

“இதைத்தான்.”

“பேந்து?”

“மூடினனான்.” அவன் சட்டைப் பையில் இருந்த வெள்ளைப் பேனையை இன்னும் உள்ளே தள்ளினான். “ஒரு பனிக்காலம் தாங்கும் எண்டு நினைச்சன் தங்கச்சி.”

“என்னைத் தங்கச்சி எண்டு சொல்லாதேங்கோ. எஞ்சினைச் சாகடிச்சது ஆர்?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “நான்தான்.”

ஜெயனி கோப்பையை மேசையில் வைத்தாள். “ஆசுப்பத்திரிக்கு வந்து அப்பாவைப் பாத்தனீங்கள்,” என்றாள். “தோடம்பழம் கொண்டு வந்தனீங்கள். கட்டிலிலை இருந்து உரிச்சுக் குடுத்தனீங்கள்.”



சிவநேசம் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஜெயனியிடம் நீட்டினாள். நிறுவனத்துக்கு, பிரெஞ்சில், தன் கையாலே எழுதி வைத்திருந்தாள். நவம்பரில் எழுதிய முறைப்பாட்டையும் அதில் இருந்த சொல்லையும் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன்; காரணம் இது. ஜெயனி என் காரின் மேல் வைத்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“திகதியும் போடும்,” என்றாள் சிவநேசம்.

யோகேந்திரன் அத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கவேண்டும். தட்டத்தை எடுக்கக் கை நீட்டினான். சிவநேசம் கைப்பையிலிருந்து ஒரு பெரிய ஆணியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“தட்டு இங்கை இருக்கட்டும். அந்தச் சுவரிலை, காசு வாங்கிற மேசைக்கு மேலை. சுழி வெளியிலை தெரியவேணும். கழுவக்கூடாது.”

“வேறை என்னவும் கேளுங்கோ. வேறை கார் தாறன்.”

“இதுதான் வேணும். தாட்சாயினி எடுத்த படங்கள் என்னட்டை கிடக்கு. தட்டு இறங்கிற அண்டைக்கு அதுகள் நுகர்வோர் பாதுகாப்புக் கந்தோருக்குப் போகும்.”

சுத்தியலை மதுஷன்தான் எடுத்துக் கொடுத்தான். யோகேந்திரன் தானே அடித்தான். இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யூன் மாதம் கோப்பிலிருந்து சொல் நீங்கியது. நிறுவனம் மன்னிப்புக் கடிதம் ஒன்று அனுப்பியது. அதன் பின்பக்கத்தில் அவள் கடைக்குச் சாமான் பட்டியல் எழுதியதை நான் பார்த்தேன். வீட்டு வேலைக்குத் திரும்பினாள். இப்போது அவளிடம் இருப்பதும் பழைய கார்தான், மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ஓடியது. வாங்குமுன் தாட்சாயினி தட்டைக் கழற்றிப் பார்த்தாள், பூசை அதன்பிறகுதான். அதே சிந்தெற்றிக் ஒயில்தான் விடுகிறாள். மாலையில் கீழே நீல விரிப்பை விரிப்பதையும் விடவில்லை. காலையில் அது காய்ந்து கிடக்கிறது. அப்படியிருந்தும் நிறுக்கிறாள்.

இந்த வருடம் பெப்ரவரியில் பத்திநாதர் இறந்தார். முதியோர் இல்லத்திலேயே, நித்திரையில். தேவாலயத்தில், அடக்கப் பூசையில், சிவநேசம் கடைசி வாங்கில் என்னோடு இருந்தாள். ஜெயனி எங்களை நோக்கி நடந்து வருவதைக் கண்டதும் எழுந்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலே போனேன்.

“லவாலுக்குப் போக முதல் ஒரு இடம் போகவேணும்,” என்றாள்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கராஜில் அன்று ஆட்கள் இல்லை. யோகேந்திரன் மேசையில் தனியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான். தட்டு தொங்கிய இடத்தில் ஒரு முருகன் கலண்டர் தொங்கியது.

சிவநேசம் கலண்டரைக் கழற்றினாள். கீழே தட்டு அப்படியே இருந்தது. தொதல் காய்ந்து வெடித்திருந்தது, சுழி தெளிவாகத் தெரிந்தது. கலண்டரை மடிக்காமல் பக்குவமாகச் சுருட்டி, அவனுடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இன்னும் எத்தினை வருசத்துக்கு?” என்று அவன் கேட்டான்.

அவள் ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கொப்பியை எடுத்து, திகதியும் நேரமும் போட்டு எழுதினாள்: ‘தட்டு இருக்கிறது. ஆணி உறுதி.’ பிறகு என்னைப் பார்த்து, “வாங்கோ றோசாக்கா, போவம்,” என்றாள்.